திருச்சி – பலாலி: 184 கிலோமீட்டரும் ஒரு மணி நேரமும்

மாமிக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் சும்மா தேடிப் பார்த்தபோதுதான் இந்தக் குழப்பம் ஆரம்பித்தது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு தளம் 14 நிமிடம் என்கிறது, இன்னொன்று 44 நிமிடம் என்கிறது, டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று இருக்கிறது. தூரம் மட்டும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 184 கிலோமீட்டர். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனை வாங்கி மூன்றையும் பார்த்துவிட்டு, "ஒரு மணித்தியாலமோ கால் மணித்தியாலமோ, எது சரியெண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

மாமி என்றால் என் கணவரின் அம்மா. நான் திருச்சிக்காரி, எங்கள் வழக்கப்படி அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும், ஆனால் இந்த வீட்டில் நுழைந்த நாளிலிருந்து எனக்கும் அவர் மாமிதான். சொந்த ஊர் வசாவிளான். யாழ்ப்பாண விமான நிலையம் இருப்பது பலாலியில், அந்தப் பலாலி ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் அந்த ஊர்ச் சனம் மொத்தமும் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. மாமி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து சேரவே மூன்று நாள் ஆனதாம், அங்கிருந்து விமானத்தில் திருச்சி. அதனால் அவருக்கு இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ள தூரம் என்றால் அந்த மூன்று நாள்தான். 184 என்ற எண்ணை அவரால் நம்பவே முடியவில்லை. "திருச்சியிலிருந்து மதுரைக்குப் போற தூரத்தை விடக் கொஞ்சம் கூடத்தானே" என்று இரண்டு தடவை கேட்டார்.

எது சரி என்று அவருக்குச் சொல்வதற்காகவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போட்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், இதே கேள்வியோடு தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று தெரியும்.

முதலில் தூரம். 184 என்பது பூமியின் வளைவின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் அளவு. இரண்டு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் போடலாம். சென்னை–பலாலி கணக்கு இன்னும் சுலபம், தாளும் பேனாவும் போதும், ஏனென்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, பலாலி சென்னைக்கு நேர் தெற்கே. அட்சரேகையில் வித்தியாசம் 3 பாகை 12 கலை. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், ஆக 192 கடல் மைல், அதை 1.852 ஆல் பெருக்கினால் சுமார் 355 கிலோமீட்டர். கப்பல்காரர்களும் விமானிகளும் இன்றைக்கும் கடல் மைலை விடாமல் வைத்திருப்பது இந்த வசதிக்காகத்தான். திருச்சி அப்படி நேராக இல்லை, மேற்கே தள்ளி இருக்கிறது, அதனால் சாய்வாக இழுக்க வேண்டும். இழுத்துப் பார்த்தால் 184, கடல் மைலில் சொன்னால் 99.

அந்த நூலை வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. திருச்சி விமான நிலையத்தில் தொடங்கி கந்தர்வக்கோட்டையை ஒட்டிப் போய், பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடையில் புகுந்து, மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கம் கடலில் இறங்குகிறது. அதற்குப் பிறகு பாக்கு நீரிணை, அப்புறம் கீரிமலைக்கு அருகே மறுபடி கரை. பாதி நிலம், பாதி கடல், கிட்டத்தட்ட சரிபாதி. விமானம் இந்தக் கோட்டின் மேலேயே போகாது, தனக்கென்று வகுத்த வழியில்தான் போகும், ஆனாலும் இந்த அளவுள்ள தூரத்தில் அந்த விலகல் கொஞ்சம்தான்.

சரி, நேரம். 14 நிமிடம் எங்கிருந்து வருகிறது? அந்தத் தளங்கள் எல்லா விமானமும் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் ஜெட் என்று வைத்துக்கொண்டு 184-ஐ 800 ஆல் வகுத்துவிடுகின்றன. 44 சொல்வது அதே கணக்குதான், ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவே. இரண்டுமே இந்த வழித்தடத்தில் எந்த விமானம் பறக்கிறது என்று பார்க்கவே இல்லை. பலாலிக்குப் போவது ஏடிஆர் 72, இரண்டு காற்றாடி வைத்த விமானம், எழுபத்து எட்டுப் பேர் உட்காரலாம். நன்றாக ஓடும்போது மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். 184-ஐ 500 ஆல் வகுத்தால் 22 நிமிடம் வருகிறது, அதுவும் நடக்காது, ஏனென்றால் அந்த முழு வேகத்தில் அது பறப்பது நடுவில் கொஞ்ச நேரம்தான். மேலே ஏறும்போது வேகம் குறைவு, கீழே இறங்கும்போது இன்னும் குறைவு, இந்தச் சின்னத் தூரத்தில் ஏறி முடித்து நிமிர்வதற்குள் இறங்கத் தொடங்கிவிடுகிறது. நடுவில் சென்னைக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்குக் கைமாற வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து ஓடுபாதையின் எந்த முனையில் இறங்குவது என்று முடிவாகும், அதற்கு ஏற்றாற்போல் ஒரு சுற்று கூடலாம்.

டிக்கெட்டில் இருக்கும் ஒரு மணி நேரம் வேறு கணக்கு. அது பறக்கும் நேரமே இல்லை. திருச்சியில் விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நொடியிலிருந்து பலாலியில் வந்து நின்று என்ஜின் அணையும் நொடி வரை. தரையில் ஊர்வதும், முன்னால் ஒரு விமானம் இறங்க வேண்டும் என்றால் ஓரமாகக் காத்திருப்பதும், கொஞ்சம் தாமதமானாலும் அட்டவணை குலையாமல் இருக்கச் சேர்த்து வைக்கும் சில நிமிடங்களும் எல்லாம் அதற்குள்ளே. இதைப் புரிந்துகொள்ளச் சென்னையோடு ஒப்பிட்டாலே போதும். சென்னை–பலாலி 355, திருச்சி–பலாலி 184, ஏறக்குறைய இரண்டு மடங்கு. நேரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கிறது. கூடுதலாக உள்ள 170 கிலோமீட்டரை விமானம் முழு வேகத்தில் கடந்துவிடுகிறது, கிளம்புவதற்கும் சேர்வதற்கும் ஆகும் நேரமோ தூரம் எதுவானாலும் மாறாது. பக்கத்து ஊருக்கு விமானம் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது, டிக்கெட் ஏன் கிலோமீட்டர் கணக்கில் விலை கூடத் தெரிகிறது என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில், விமான நிலையக் கட்டணமும் தூரத்தைப் பார்த்துக் குறைவதில்லை.

இன்னொன்று, கடிகாரத்தை மாற்ற வேண்டாம். இப்போது இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். 1996-இல் இலங்கை கடிகாரத்தை முன்னால் தள்ளியது, 2006 ஏப்ரலில்தான் பழையபடி இந்திய நேரத்துக்கே திரும்பியது. ஆகவே டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரத்தையும் அப்படியே கழித்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் மாமியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப போன முறை நாங்கள் ஏன் அப்படி அலைஞ்சனாங்கள்" என்றார்.

போன முறை என்றால் 2016. மாமி, என் கணவர், நான் மூன்று பேரும் போனோம். அப்போது திருச்சியிலிருந்து பலாலிக்கு எதுவும் கிடையாது. திருச்சியில் விமானம் ஏறி 417 கிலோமீட்டர் தெற்கே பறந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இறங்கினோம். அங்கிருந்து வெள்ளவத்தைக்குப் போய் ஒரு சொந்தக்காரர் வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, இரவு அங்கேயே யாழ்ப்பாணம் போகும் பஸ் பிடித்து, மறுபடி வடக்கே சுமார் 400 கிலோமீட்டர். 184 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு 800-க்கு மேல் சுற்றியிருக்கிறோம். காலை ஒன்பது மணிக்கு வீட்டைப் பூட்டியவர்கள், உரும்பிராயில் பெரியம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது அடுத்த நாள் காலை ஏழு மணி. 22 மணி நேரம். மாமிக்குக் கால் இரண்டும் வீங்கி, இரண்டு நாள் எழுந்து நடக்க முடியவில்லை. அந்தப் பெரியம்மா மாமியின் சொந்த அக்கா, அவருக்கும் அப்போதே எழுபது தாண்டிவிட்டது. இனி நான் இப்படி வரமாட்டேன் என்று மாமி அவரிடம் சொல்லிவிட்டு வந்தார், இரண்டு பேரும் அதைச் சொல்லி அழுததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதனால்தான் 2025 மார்ச் 30-ஆம் தேதி இண்டிகோ திருச்சி–யாழ்ப்பாணம் நேரடிச் சேவையைத் தொடங்கியது என்று செய்தியில் பார்த்ததும் எனக்கு அது விமானச் செய்தியாகவே படவில்லை, எங்கள் வீட்டுச் செய்தியாகத்தான் பட்டது.

இது புதிதாகக் கண்டுபிடித்த வழியும் அல்ல. பலாலியில் ஓடுபாதை போட்டது இரண்டாம் உலகப் போர் காலத்தில், பிரிட்டிஷ் விமானப்படைக்காக. அதன் பிறகு 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியபோது போன வழி எது தெரியுமா? கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னை. காங்கேசன்துறை என்று அன்று சொன்னது இந்தப் பலாலியைத்தான். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது 1948 பிப்ரவரியில், அதற்கு முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு விமானம் இருந்திருக்கிறது. பலாலிக்குக் கொழும்புப் பக்கம் இரத்மலானை சுமார் 330 கிலோமீட்டர், சென்னை 355, திருச்சி 184. அந்த ஊருக்கு மிக அருகில் இருக்கும் பெரிய ஊர் எது என்று இந்த மூன்று எண்ணே சொல்லிவிடும். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் கூட வருகிறது, எத்தனை ஆயிரம் குடும்பங்கள் இந்த 184-ஐ 800 ஆக்கி நடந்திருக்கின்றன.

போர்க் காலத்தில் பலாலி படைத்தளம்தான். பொதுமக்களுக்கு இரத்மலானை வரைக்கும் சில காலம் விமானம் ஓடியது, அதில்தான் 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று மன்னார் கடலில் விழுந்து அதில் இருந்த 55 பேரும் போனார்கள். மாமிக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அதில் ஒருவர். இந்த முறை டிக்கெட் போடும்போது அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் யன்னல் பக்கம் இடம் வேண்டுமா என்று கேட்டபோது உடனே பதில் சொல்லவில்லை.

2019 அக்டோபர் 17 அன்று பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், அன்று முதலில் இறங்கியது சென்னையிலிருந்து வந்த அலையன்ஸ் ஏர் ஏடிஆர். ஓடுபாதையில் 1,400 மீட்டர்தான் அப்போது தயார் செய்திருந்தார்கள், அந்த நீளத்துக்கு ஏடிஆர் சரியாக இருந்தது. நான்கைந்து மாதம் ஓடியிருக்கும், 2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லாம் நின்றது. மறுபடி 2022 டிசம்பரில்தான் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து தொடங்கியது. இடையில் 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் வந்தது, 60 கடல் மைல், ஏறக்குறைய நாலு மணி நேரம். கப்பலில் போனவர்கள் நல்லபடியாகச் சொல்கிறார்கள், மூட்டை முடிச்சு அதிகம் உள்ளவர்களுக்கு அது வசதி. மாமிக்கு அலை ஒத்துக்கொள்ளாது என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை.

நல்லூர்த் திருவிழா நேரத்தில் போனோம். நாங்கள் இருப்பது கே.கே. நகர், விமான நிலையத்துக்குப் பக்கம்தான், இருந்தாலும் காலை பத்தேகாலுக்கே கிளம்பிவிட்டோம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள், மாமியுடையது இலங்கைப் பாஸ்போர்ட், இந்திய விசா, எதையும் அவசரமாகச் செய்ய எனக்கு விருப்பமில்லை. 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் மிகப் பெரியது, உள்ளே நடக்க வேண்டிய தூரம் முழங்கால் வலிக்காரர்களுக்கு அதிகம். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே குறிப்பிட்டுவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். நாங்கள் குறிப்பிட்டிருந்தோம், அதுதான் அன்றைக்குச் செய்த நல்ல காரியம்.

விமானத்தில் மாமி யன்னல் பக்கம்தான் உட்கார்ந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். சக்கரம் தரையை விட்டதிலிருந்து பலாலியில் தரையைத் தொட்டது வரை 39 நிமிடம். ஏடிஆர் அவ்வளவு உயரம் போவதில்லை, அதனால் கீழே எல்லாம் நன்றாகத் தெரிகிறது. முதலில் கண்மாயும் தென்னந்தோப்பும், அப்புறம் கரையோரமாக ஒரு பழுப்பு நீர், அதைத் தாண்டியதும் பச்சை கலந்த கடல், அதில் அரிசி சிந்தியது போல் படகுகள். அந்தப் படகுகளில் எது இந்தக் கரை, எது அந்தக் கரை என்று மேலே இருந்து பார்த்தால் தெரியவில்லை. தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது. மாமி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. செம்மண் தெரிய ஆரம்பித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தின் அந்தப் பகுதி மண் நல்ல சிவப்பு, பனை வரிசையும் தோட்டமும் கிணறும் மேலே இருந்து கோடு போட்டது போல் தெரியும். ஓடுபாதைக்குக் கிட்ட வர வர வீடுகள் குறைந்து, கூரை இல்லாத சுவர்களும் பற்றைக் காடும் வந்தன. "எங்கட வளவு இதுக்குள்ளதான் எங்கையோ" என்றார். எந்த இடம் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, மரமெல்லாம் மாறிவிட்டது. விமானம் அதைத் தாண்டிப் போய் நின்றது.

விமானப்படைத் தளமும் அங்கேயே இருப்பதால் போனை வெளியில் எடுக்காமல் இருப்பது நல்லது. முனையம் சின்னது, குடிவரவில் முப்பது நிமிடம் கூட ஆகவில்லை. வெளியே வந்து உரும்பிராய்க்கு ஆட்டோ பிடித்தோம், பலாலி வீதியில் சுமார் பத்து கிலோமீட்டர். இந்த வீதியின் ஒரு பகுதி 2025 ஏப்ரலில்தான் 35 ஆண்டுகளுக்குப் பிறகு சனத்துக்குத் திறந்தது. திறந்தபோது காலை ஆறிலிருந்து மாலை ஐந்து வரை மட்டும், வண்டியை நிறுத்தக் கூடாது, நடந்து போகக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். விமானம் வந்துவிட்டது, நல்லது, ஆனால் அந்த ஓடுபாதையைச் சுற்றி இருக்கும் காணிகளுக்குச் சொந்தக்காரர்கள் இன்னும் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தப் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. மாமி அந்த வீதியில் தலையைத் திருப்பாமல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெரியம்மா வீட்டு வாசலில் இறங்கியபோது மணி மூன்று ஐம்பது. வீட்டைப் பூட்டியது பத்தேகால், ஆக ஐந்து மணி முப்பத்தைந்து நிமிடம், அதில் வானத்தில் இருந்தது 39 நிமிடம் மட்டும். மிச்சமெல்லாம் வரிசையும் காத்திருப்பும் ஆட்டோவும். எனவே யாராவது கேட்டால் நான் இனி ஒரு மணி நேரம் என்று சொல்ல மாட்டேன், அரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன், அதுதான் பயன்படும் கணக்கு. 22 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் அந்த அரை நாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று மாமியின் காலைப் பார்த்தாலே தெரிந்தது. வீக்கம் இல்லை. உள்ளே போய் முகம் கழுவிவிட்டு நேராகக் குசினிக்குள் போய் அக்காவோடு சேர்ந்து தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார்.

பெரியம்மாவுக்கு எங்களை விட ஆச்சரியம். காலையில் திருச்சியில் குடித்த தேத்தண்ணிக்கு அடுத்த தேத்தண்ணி இங்கேயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, திருச்சியில் காட்டலாம் என்று என் கணவர் எத்தனையோ வருடமாகச் சொல்கிறார், கொழும்பு வழியாக வர என்னால் ஏலாது என்று மறுத்துக்கொண்டே இருந்தவர். நாங்கள் திரும்பி வந்து மூன்றாவது வாரம் போன் வந்தது. பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். தனியாக ஏறப் பயமாக இருக்கிறது, யாராவது வந்து கூட்டிப் போவீங்களா என்று கேட்டார். நான் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.